கணக்குக் கேட்ட அவையும் கணக்குக் கொடாத அவையும்

பலர் கூடி அமர்ந்து, பேசி, ஆராய்ந்து முடிவு செய்தல் ஒருவர் தனித்திருந்து முடிவு செய்வதைவிடச் சிறந்தது என்பதை இக்காலத்தில் மறுப்பவர் அரியர். ஊர்க் கூட்டம் முதல் உலக மன்றம் வரை அனைத்தும் இந்த நம்பிக்கையின்மீதுதான் எழுந்து நிற்கின்றன. ஆனால், அந்த நம்பிக்கையோடு உடன்பிறந்த வினா ஒன்றும் உண்டு. தனி ஒருவர் தவறு செய்தால் அவரை நிறுத்திக் கேட்கலாம். கூடிய அவை தவறு செய்துவிட்டால் யாரை நிறுத்திக் கேட்பது? பேசியவரையா? பேசவிட்ட தலைவரையா? கை தூக்கியவர்களையா? கை தூக்கிய கையோடு கலைந்து வீடு சென்றுவிட்ட அந்தக் கூட்டம், நாம் போய்க் கேட்பதற்கு மறுநாள் எங்கே இருக்கிறது?

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரம் இவ்வினாவோடு நூறாண்டுகளுக்கு மேலாக மல்லாடியது. அது கண்ட விடைகளுள் பல நம்மை வியக்க வைப்பவை. அது காணத் தவறிய விடை ஒன்றோ பல உயிர்களைப் பலி கொண்டது. அவ்விரண்டையும் ஈண்டு ஒருங்கே வைத்து நோக்குவோம்.

குன்றின்மேல் கூடிய நகரம்

கி.மு. 508ஆம் ஆண்டையொட்டி, கிளைஸ்தனீஸ் என்பார் ஏதென்ஸின் ஆட்சியமைப்பைத் திருத்தினார். குடிமக்கள் பத்துக் குலங்களாகப் பகுக்கப்பட்டனர். குலத்துக்கு ஐம்பதின்மராக ஐந்நூற்றுவர் கொண்ட ஓர் அவை அமைந்தது. முப்பது வயது நிரம்பியவர்களிலிருந்து இவ்வவையினரைத் திருவுளச்சீட்டு முறையில் தேர்ந்தெடுக்கும் வழக்கம் விரைவில் நிலைபெற்றது. நம் முன்னோர் ஓலை எழுதிக் குடத்திலிட்டு எடுத்தனர். ஏதென்ஸ் மக்களோ அதற்கு வெள்ளை, கறுப்பு அவரை விதைகளைப் பயன்படுத்தினர். ஓராண்டே பதவி, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் எவரும் அந்த அவையில் அமர முடியாது.

இந்த ஐந்நூற்றுவருக்கு மேலே இருந்தது மக்கட் பேரவை. பினிக்ஸ் என்னும் குன்றின்மீது வெட்டவெளியில் அது கூடும். குடிமகனாய்ப் பிறந்த ஆடவர் எவரும் அங்கு வரலாம், பேசலாம், கை தூக்கலாம். சில முக்கியமான முடிவுகளுக்கு ஆறாயிரம் பேர் வாக்களித்தாக வேண்டும் என்ற விதியும் இருந்தது. பெண்களுக்கும், அடிமைகளுக்கும், வெளியூரிலிருந்து வந்து குடியேறியோருக்கும் அங்கு இடமில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. குடியாட்சி என்று அந்நகரம் பெருமைப்பட்டுக் கொண்டது அந்நகர மக்களுள் ஒரு பகுதியினரின் ஆட்சியையே ஆகும்.

ஆயிரக்கணக்கானோர் கூடும் பேரவையை நடத்துவது யார்? இங்கேதான் ஏதென்ஸின் மதிநுட்பத்தைக் காண்கிறோம். ஆண்டைப் பத்துக் கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் ஒரு குலத்தைச் சேர்ந்த ஐம்பதின்மர் முறைக்குழுவாக இருந்து நகரின் அன்றாடக் காரியங்களைக் கவனித்தனர். வட்ட வடிவமான ஒரு கட்டடத்தில் அவர்கள் கூடி உண்டனர். அவர்களுள் ஒருவர் நாள்தோறும் சீட்டின் வழியே தலைவரானார். அவருடைய தலைமை ஒரு பகலும் ஓர் இரவும் மட்டுமே. பொதுப் பணமும் ஆவணங்களும் இருந்த கோயில்களின் சாவிகளும் நகரத்தின் முத்திரையும் அன்று அவர் கையில் இருக்கும். அன்று பேரவை கூடினால் அதற்கும் அவரே தலைவர். மறுநாள் அவர் மீண்டும் சாதாரண மனிதர். வாழ்நாளில் அவருக்கு அந்த வாய்ப்பு மறுமுறை கிட்டாது. அவையை நடத்துபவர் அவையைத் தம் உடைமையாக்கிக் கொள்ளாமல் இருப்பதற்கு இதனினும் எளிய வழி வேறென்ன இருக்க முடியும்?

பதவியிலிருந்து இறங்கும்போது

பதவிக்கு வருமுன் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுக்கு உட்பட்டனர். 'உன் தந்தை யார், தாய் யார்? பெற்றோரைப் பேணுகிறாயா? வரி செலுத்துகிறாயா? படையில் பணி செய்தாயா?' என்றெல்லாம் வினவப்பட்டது. யாரேனும் எழுந்து குற்றம் சாட்ட விரும்பினால் அதற்கும் இடமளிக்கப்பட்டது.

ஏறும்போது நடைபெற்ற இந்த ஆய்வைவிட, இறங்கும்போது நடைபெற்றதே கடுமையானது. அதற்கு 'யூதினா' என்று பெயர். கணக்கொப்புவித்தல் என நாம் அதனைத் தமிழில் கூறலாம். பதவிக்காலம் முடிந்த முப்பது நாள்களுக்குள் கணக்கர் குழுவின்முன் வரவு செலவு ஒப்படைக்கப்பட வேண்டும். பின்னர், அவர் நடத்தையைப் பற்றிக் குறைகூற விரும்பும் எந்தக் குடிமகனும் முறையிடுவதற்கு மூன்று நாள் ஒதுக்கப்பட்டது. கணக்கை ஒப்புவிக்கும்வரை ஒருவர் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. தம் சொத்தைக் கோயிலுக்கு எழுதி வைக்க முடியாது. மரண சாசனம்கூட எழுத முடியாது. பொதுப் பணத்தைத் தொட்டே பாராதவருக்கும் விலக்கில்லை. நகரத்தின் பொருள் எதனையும் தாம் பெறவுமில்லை, செலவிடவுமில்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். இச்செய்திகளை நான்காம் நூற்றாண்டின் பேச்சாளரான எஸ்கினீஸ் தம் உரையொன்றில் விரித்துரைக்கிறார். அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் 'ஏதென்ஸ் அரசமைப்பு' என்னும் நூலும் இம்முறைகளை விளக்குகிறது. நெடுங்காலம் மறைந்து கிடந்த அந்நூல் எகிப்து நாட்டில் பப்பிரசுச் சுருள்களில் கிடைத்து, 1891ஆம் ஆண்டு அச்சேறியது.

பதவி வகிப்போரோடு நின்றுவிடவில்லை ஏதென்ஸ். பதவி ஏதுமின்றி எழுந்து நின்று யோசனை கூறிய சாதாரணப் பேச்சாளரையும் அது விடவில்லை. சட்டத்துக்கு மாறான தீர்மானத்தை ஒருவர் கொண்டுவந்தால், அதனைப் பேரவை ஏற்று நிறைவேற்றிவிட்ட பின்னருங்கூட அவர்மீது வழக்குத் தொடரலாம். 'முறைமீறல் வழக்கு' எனத்தக்க இதில் தோற்றவர் பெருந்தண்டம் கட்ட நேரும். மூன்று முறை தோற்றவர் பின்னர்த் தீர்மானம் கொண்டுவரும் உரிமையையே இழப்பார். வாக்குறுதி தந்து மக்களை ஏமாற்றியவர்மீது முறையிடவும் தனி வழி இருந்தது.

ஆக, பேசியவர் பொறுப்பாளி, தலைமை தாங்கியவர் பொறுப்பாளி, நிறைவேற்றியவர் பொறுப்பாளி. இவ்வளவு கவனமாகக் கணக்குக் கேட்ட நகரம் இன்றைக்கும் அரிது எனலாம்.

விடுபட்டுப் போனவர்

எனினும் அந்தப் பட்டியலில் ஒருவர் பெயர் இல்லை. கை தூக்கியவரின் பெயரே அது!

கி.மு. 427ஆம் ஆண்டு. ஸ்பார்ட்டாவோடு போர் நடந்து கொண்டிருந்த காலம். ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த மித்திலீன் நகரம் பணிந்துவிட்டது. சினம் தணியாத பேரவை, அந்நகரின் வயது வந்த ஆடவர் அனைவரையும் கொல்லவும், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கவும் முடிவு செய்தது. ஆணையைச் சுமந்து கப்பல் ஒன்று புறப்பட்டது. இரவு கழிந்தது. மறுநாள் விடிந்ததும், 'என்ன காரியம் செய்துவிட்டோம்!' என்று மக்கள் மனம் வருந்தினர். பேரவை மீண்டும் கூடிற்று. முடிவில் மாற்றம் கூடாது என்று கிளியோன் வாதாடினார். தியோதோத்தஸ் என்பார் அவரை மறுத்தார்.

வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவு செய்துள்ள தியோதோத்தஸின் உரையில் ஓரிடம் நம் சிந்தனைக்கு உரியது. யோசனை கூறும் நாங்கள் அதற்குப் பொறுப்பேற்கிறோம். கேட்டு முடிவு செய்யும் நீங்களோ எதற்கும் பொறுப்பேற்பதில்லை. சொன்னவருக்கும் அதனைக் கேட்டு நடந்தவருக்கும் ஒரே தண்டனை என்றிருந்தால் நீங்கள் இன்னும் நிதானமாக முடிவு செய்வீர்கள். இதுவே அவர் கூறியதன் சாரம்.

மிகச் சிறிய வேறுபாட்டில் அவர் வென்றார். இரண்டாவது கப்பல் விரைந்தது. துடுப்பு வலிப்போர், திராட்சை மதுவும் எண்ணெயும் கலந்து பிசைந்த மாவைத் துடுப்பை விடாமலே உண்டனர். முறை வைத்துத் தூங்கினர். முதற் கப்பல் கொணர்ந்த ஆணையைப் படைத்தலைவர் படித்துவிட்டு, நிறைவேற்ற முனைந்த வேளையில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது. நகரம் பிழைத்தது, எனினும் கிளர்ச்சிக்குக் காரணமானவர் எனக் கருதப்பட்டோர் கொல்லப்பட்டனர்.

மித்திலீன் பிழைத்ததே தவிர, தியோதோத்தஸ் சுட்டிக் காட்டிய குறை தீரவில்லை. கி.மு. 415இல் சிசிலித் தீவின்மீது படையெடுக்கப் பேரவை பேரார்வத்தோடு வாக்களித்தது. கி.மு. 413இல் அப்படை முற்றாக அழிந்தது. செய்தி வந்தபோது மக்கள் யார்மீது சினந்தனர்? படையெடுப்பை ஆதரித்துப் பேசியவர்கள்மீது! தாங்களே அதற்கு வாக்களித்தவர்கள் அல்லர் என்பது போல நடந்து கொண்டார்கள் என்று துசிடிடீஸ் கசப்போடு எழுதுகிறார்.

வெற்றி பெற்றவர்களின் விசாரணை

இந்தக் குறையின் முழு விலையையும் ஏதென்ஸ் செலுத்தியது கி.மு. 406ஆம் ஆண்டில்தான்.

அவ்வாண்டு ஏதென்ஸின் கப்பற்படையின் ஒரு பகுதி மித்திலீன் துறைமுகத்தில் ஸ்பார்ட்டாவினரால் முற்றுகையிடப்பட்டிருந்தது. அதனை மீட்க நகரம் தன் இறுதி வலிமையைத் திரட்டியது. முப்பது நாள்களில் 110 கப்பல்கள் ஆயத்தமாயின. அடிமை, குடிமகன் என்ற வேறுபாடின்றி வயதுடையோர் அனைவரும் துடுப்புப் பிடித்தனர். ஆர்கினூசே என்னும் தீவுகளுக்கு அருகே நடந்த போரில் ஏதென்ஸ் வென்றது. பகைவர் எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களை இழந்தனர். அவர்களுடைய தளபதியும் கடலில் மாண்டார். ஏதென்ஸ் இழந்தவை 25 கப்பல்கள். கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ இருநூறு பேர். உடைந்த கலங்களைப் பற்றிக்கொண்டு தத்தளித்தவர்களை மீட்க 47 கப்பல்கள் ஒதுக்கப்பட்டன; தெரமனீஸ், திரசிபூலஸ் ஆகிய கப்பல் தலைவர்களும் அப்பணியில் இருந்தனர். ஆனால் பெரும்புயல் எழுந்தது. மீட்பு நடைபெறவில்லை. மனிதர்கள் மூழ்கினர்.

வெற்றிச் செய்தியால் மகிழ்ந்த நகரம், இழப்புச் செய்தியால் கொதித்தது. தளபதிகள் எண்மரும் பதவி நீக்கப்பட்டனர். இருவர் நகருக்குத் திரும்பவேயில்லை, அறுவர் திரும்பினர். அவர்களுள் ஒருவர், புகழ்பெற்ற பெரிக்ளிஸின் மகன்; அவர் பெயரும் பெரிக்ளிஸ். தாய் வெளியூர்ப் பெண் என்பதால் இல்லாதிருந்த குடியுரிமையை அவருக்குத் தனிச் சலுகையாக வழங்கியது இதே ஏதென்ஸ்தான்.

பேரவை கூடிற்று. தெரமனீஸ் உள்ளிட்ட பலர் தளபதிகள்மீது குற்றம் சாட்டினர். புயலே காரணம் என்று தளபதிகள் சாட்சிகளோடு விளக்கினர். மக்கள் மனம் இளகிற்று; பிணை நிற்கவும் பலர் எழுந்தனர். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. தூக்கிய கைகளை எண்ண வெளிச்சமில்லை. விசாரணையை எவ்வாறு நடத்துவது என்று ஐந்நூற்றுவர் அவை முடிவு செய்து கொண்டுவரட்டும் எனக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இன்னும் ஒரு நாழிகை வெளிச்சம் இருந்திருந்தால் அறுவரும் பிழைத்திருப்பர் போலும்!

இடையில் உறவினர்கள் கூடும் திருவிழா ஒன்று வந்தது. இறந்தோரின் குடும்பத்தார் கறுப்புடை அணிந்து, தலை மழித்து வந்தனர். அவர்களுள் பலர் தெரமனீஸின் ஆட்களால் ஏற்பாடு செய்யப்பட்டவர்கள் என்கிறார் ஸெனபன். ஐந்நூற்றுவர் அவையில் கல்லிக்ஸினஸ் என்பார் ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்தார்: 'இருதரப்பையும் முன் கூட்டத்திலேயே கேட்டாயிற்று, இனி விசாரணை வேண்டா. குலத்துக்கு இரண்டு குடங்கள் வைக்கப்படும். எண்மரையும் சேர்த்து ஒரே வாக்கு. குற்றவாளிகள் என்றால் மரணம்.'

இது முறையன்று. குற்றம் சாட்டப்பட்டவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பது நெறி. யூரிப்டாலமஸ் என்பாரும் வேறு சிலரும் கல்லிக்ஸினஸ்மீது முறைமீறல் வழக்குத் தொடுத்தனர். ஆனால் கூட்டம் கொந்தளித்தது. மக்கள் தாம் விரும்பியதைச் செய்ய முடியாதபடி தடுப்பது அக்கிரமம் என்று கூச்சலிட்டது. வழக்குத் தொடுத்தவர்களையும் தளபதிகளோடு சேர்த்து அதே வாக்கில் தீர்த்துவிடலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். அவர்கள் அஞ்சி வழக்கைத் திரும்பப் பெற்றனர்.

ஒருவர் மட்டும்

இனி எஞ்சியிருந்தது அவையை நடத்திய முறைக்குழு ஒன்றே. அவர்களுள் சிலர், 'சட்டத்துக்கு மாறான இத்தீர்மானத்தை வாக்குக்கு விடமாட்டோம்' என்றனர். கல்லிக்ஸினஸ் மீண்டும் மேடையேறி அவர்கள்மீதும் குற்றம் சாட்டினார். மறுப்பவர்களையும் குற்றவாளிகளாக்குங்கள் என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. முறைக்குழுவினர் நடுங்கி இணங்கினர், ஒருவரைத் தவிர. அவர், சோப்ரோனிஸ்கஸின் மகன் சாக்ரட்டீஸ்.

அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவர் ஏற்ற ஒரே பதவி அந்த ஐந்நூற்றுவர் அவை உறுப்பினர் பதவிதான். அதிலும் அவர் குலத்தின் முறை வந்திருந்தபோது இந்த விசாரணை வந்து வாய்த்தது. அன்றைய ஒரு நாள் தலைவர் அவரே என்று ஸெனபன் மற்றொரு நூலில் எழுதுகிறார். சட்டத்துக்கு மாறாக எதனையும் தாம் செய்ய இயலாது என்று அவர் மறுத்துவிட்டார்.

தளபதிகள் குற்றமற்றவர்கள் என்று சாக்ரட்டீஸ் வாதாடவில்லை. ஸ்பார்ட்டாவோடு சமாதானம் செய்ய வேண்டும் என்றோ, போர் தவறு என்றோ கூறவில்லை. அவர் மறுத்தது ஒன்றையே: முறையற்ற வினாவை அவையின்முன் வைக்கத் தம் கையால் இடந்தர மறுத்தார். அவையை நடத்துபவரின் கடமை எது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் இல்லை. அவர் அவைக்கு எஜமானர் அல்லர். அதன் ஏவலரும் அல்லர். கேட்கப்பட வேண்டியவர் கேட்கப்பட்டாரா, ஒவ்வொருவர் வழக்கும் தனித்தனியே நோக்கப்பட்டதா என்பதற்கே அவர் காவலர். கூட்டம் சினத்தால் கண் மறைந்து நிற்கும் நாளில்தான் அக்காவல் தேவைப்படுகிறது.

ஒருவரின் மறுப்பு வாக்கெடுப்பைத் தடுத்துவிடவில்லை. யூரிப்டாலமஸ் நீண்டதோர் உரையாற்றி, தனித்தனி விசாரணை வேண்டும் என்று எதிர்த் தீர்மானம் கொணர்ந்தார். முதலில் கை தூக்கியபோது அவர் பக்கமே வெற்றி என அறிவிக்கப்பட்டது. ஒருவர் ஆட்சேபம் எழுப்ப, மீண்டும் வாக்கெடுத்தனர். இம்முறை மறுபக்கம் வென்றது. அறுவரும் கொல்லப்பட்டனர். வெற்றி பெற்ற தளபதிகளைக் கொன்ற நகரம் அடுத்த ஆண்டே, கி.மு. 405இல், ஈகோஸ்பொட்டமியில் தன் கப்பற்படையை இழந்தது. கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது.

மக்கள் மனம் வருந்தியபோது

அறுவரைக் கொன்ற சில காலத்திலேயே ஏதென்ஸ் மக்கள் மனம் வருந்தினர். அவ்வாறு வருந்தியபோது அவர்கள் செய்தது என்ன? மக்களை ஏமாற்றியவர்கள்மீது முறையீடு கொண்டுவரத் தீர்மானித்தனர். கல்லிக்ஸினஸும் மற்றும் நால்வரும் குற்றம் சாட்டப்பட்டனர். விசாரணைக்கு முன்னரே, நகரில் எழுந்த கலவரத்திடையே அவர்கள் தப்பியோடினர். பின்னாளில் திரும்பி வந்த கல்லிக்ஸினஸை எவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அனைவராலும் வெறுக்கப்பட்டுப் பட்டினியால் அவர் மாண்டார் என்று ஸெனபன் கூறுகிறார்.

கல்லிக்ஸினஸ்மீது நமக்கு இரக்கம் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். ஏமாற்றியவர் ஐவர் எனில், ஏமாந்தவர் ஆயிரக்கணக்கானோர். முறைமீறல் வழக்கைக் கூச்சலிட்டு அடக்கியவர் யார்? முறைக்குழுவை மிரட்டியவர் யார்? சிசிலிக்குப் பிறகு நடந்ததே மீண்டும் நடந்தது. சொன்னவர் பிடிபட்டார், கேட்டவர் தப்பினார்.

எனினும், ஏதென்ஸ் கற்றுக்கொள்ளவே இல்லை என்று கூறுவது நீதியாகாது. தோல்விக்குப் பின் முப்பதின்மரின் கொடுங்கோன்மை வந்தது. கி.மு. 403இல் அதனை வீழ்த்திய மக்கள், பழிவாங்கலைத் தவிர்த்துப் பொதுமன்னிப்பு வழங்கினர். முப்பதின்மருக்கும் அவர்களுடைய நெருங்கிய அதிகாரிகளுக்கும் அம்மன்னிப்பு இல்லை. ஆனால் அவர்களுங்கூடத் தம் பதவிக்காலத்துக்குக் கணக்கொப்புவித்தால் மன்னிப்பில் சேரலாம் என்று ஒரு வாயில் திறந்து வைக்கப்பட்டது! கொடுங்கோலனையும் 'கணக்குக் கொடு' என்றே அந்நகரம் அழைத்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் அப்போது நிகழ்ந்தது. பேரவையின் எந்தத் தீர்மானமும் எழுதப்பட்ட சட்டத்துக்கு மேற்பட்டதாகாது என்று விதித்தனர். தனி ஒருவரைக் குறிவைத்துச் சட்டம் இயற்றலாகாது. இயற்றுவதாயின் ஆறாயிரம் பேரேனும் இரகசியமாக வாக்களித்தாக வேண்டும். பின்னர், நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேரவையை நடத்தும் பொறுப்பையும் முறைக்குழுவினிடமிருந்து எடுத்து, ஏனைய ஒன்பது குலங்களிலிருந்து குலத்துக்கு ஒருவராகச் சீட்டில் வரும் ஒன்பதின்மரிடம் ஒப்படைத்தனர்.

இதன் பொருள் என்ன? ஆயிரக்கணக்கானோரை நிறுத்திக் கணக்குக் கேட்க முடியாது என்பதை அவர்கள் உணர்ந்தனர். கேட்க முடியாத கூட்டம் தன் கைகளைத் தானே முன்கூட்டிக் கட்டிக்கொள்வதுதான் வழி. சினம் இல்லாத நாளில் எழுதிய சட்டத்துக்குச் சினம் கொண்ட நாளில் கட்டுப்பட வேண்டும். மக்கள் விரும்பியதை எல்லாம் செய்யலாம் என்று கி.மு. 406இல் கூச்சலிட்ட நகரம், அவ்வாறு செய்யலாகாது என்று கி.மு. 403இல் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொண்டது.

எழுதி வைத்ததும் போதவில்லை. கி.மு. 399இல் சாக்ரட்டீஸ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அங்கே அமர்ந்திருந்த சுமார் ஐந்நூறு நடுவர்களும் சீட்டில் வந்த குடிமக்களே. குற்றம் சாட்டியவருக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்கேனும் கிடைக்காவிடில் அவர் தண்டம் கட்ட வேண்டும். ஆனால் வாக்களித்த நடுவர் எவருக்கும் கணக்கொப்புவிக்க வேண்டியதில்லை. பதவி வகிப்போருள் தாங்கள் மட்டுமே எவருக்கும் பதில் சொல்ல வேண்டாதவர்கள் என்று நடுவர்கள் பெருமையடித்துக் கொள்வதை, அதற்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னரே அரிஸ்டோபனீஸ் தம் 'குளவிகள்' நாடகத்தில் நகைச்சுவையாக்கியிருந்தார். சாக்ரட்டீஸுக்கு அது நகைச்சுவையாக இருக்கவில்லை. அவ்விசாரணையில் தம்மைக் காத்துப் பேசியபோது, தளபதிகளின் விசாரணை நாளை அவர் நினைவூட்டினார். அவருக்கு மரண தண்டனையே கிடைத்தது.

நம் காலத்து மன்றங்கள்

இருபத்துநான்கு நூற்றாண்டுகள் கழிந்து, ஏதென்ஸின் சீட்டு முறை மீண்டும் உயிர்பெற்று வருகிறது. அயர்லாந்தில் 2016ஆம் ஆண்டு முதல் 2018 வரை, பல தரப்பிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட 99 குடிமக்களும், தலைவராக ஒரு முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதியும் கூடி அரசியலமைப்புச் சட்டம் தொடர்பான கடினமான வினாக்களை ஆராய்ந்தனர். பிரான்சு நாட்டில் 2019 அக்டோபரிலிருந்து சீட்டில் எடுக்கப்பட்ட 150 பேர் பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கூடிப் பேசி, 2020 ஜூனில் 149 பரிந்துரைகளை வழங்கினர்.

இம்மன்றங்களில் அமரும் எளிய மனிதரைப் பற்றி நமக்கு அச்சமில்லை. அவர்கள் கற்கிறார்கள், பொறுமையாகக் கேட்கிறார்கள். ஆனால் அவர்கள்முன் எந்த வினா வைக்கப்பட வேண்டும், எந்த அறிஞர் வந்து பேச வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அவர்கள் அல்லர், மன்றத்தை நடத்துபவர்கள். முடிவு வந்த பின் அதனை என்ன செய்வது என்று தீர்மானிப்பவரோ மன்றத்தைக் கூட்டியவர். இவ்விருவரிடமும் கணக்குக் கேட்பது யார்?

2018இன் தொடக்கத்தில் அயர்லாந்து மன்றத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட எழுவர் முறைப்படி தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று தெரியவந்தது. மன்றத்தார் அதனை மறைக்கவில்லை. எழுவரையும் நீக்கி, செய்தியை வெளியிட்டனர். அறிஞர்களின் கட்டுரைகளையும் பொது அமர்வுகளையும் நாடே காணுமாறு முன்பே திறந்து வைத்திருந்தனர். அதனால் மன்றத்தின்மீதிருந்த நம்பிக்கை குலையவில்லை. பிரான்சில் குடியரசுத் தலைவர், பரிந்துரைகளை வடிகட்டாமல் அப்படியே முன்வைப்பதாக வாக்களித்திருந்தார். பின்னர் மூன்றை உடனே ஒதுக்கினார். வேறு பல சட்டமாகும்போது மெலிந்தன. 2021ஆம் ஆண்டு அந்த 150 பேரும் இறுதியாகக் கூடியபோது, தம் பரிந்துரைகளை அரசு கையாண்ட விதத்துக்கு மதிப்பெண் இட்டனர்; மிகக் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது. கூடியவர்கள் கூட்டியவரிடம் கணக்குக் கேட்ட அந்நாளை, ஏதென்ஸின் யூதினாவுக்கு உறவான நாளாகவே நாம் காண்கிறோம்.

பழையனவும் புதியனவுமாகிய இவற்றையெல்லாம் எண்ணும்போது நமக்குத் தெளிவாவது இதுதான். அவையில் பேசுவோரிடமும், அதனை நடத்துவோரிடமும், கூட்டுவோரிடமும் கணக்குக் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். கூடிய மக்களிடமோ, பின்னர்க் கணக்குக் கேட்பதற்கு வழியில்லை. ஆகவே, அவர்கள் மீறலாகாத முறையை முன்னரே வகுத்து வைக்க வேண்டும். அம்முறையைக் காக்க அவையின் தலைமையில் இருப்பவருக்கு, கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே 'இயலாது' என்று கூறும் உரிமை வேண்டும். அவ்வாறு கூறியதற்காக அவர் தண்டிக்கப்படலாகாது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், எத்துணை நல்ல மனிதர்கள் கூடிய அவையாயினும் ஒருநாள் மாலை வெளிச்சம் மங்கும் வேளையில் அது தடுமாறிவிடும்.

சாக்ரட்டீஸின் மறுப்பு அறுவரில் ஒருவரைக்கூடக் காப்பாற்றவில்லை. ஆயினும் அன்று பினிக்ஸ் குன்றில் கை தூக்கிய பல்லாயிரவரில் ஒருவர் பெயரும் இன்று நமக்குத் தெரியாது. கை தூக்க மறுத்தவர் என்றன்று, வினாவை முன்வைக்க மறுத்தவர் என்றே அவருடைய பெயர் நிற்கிறது. தம்முடைய முறையில், தமக்குரிய நாளில், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்புக்கு அவர் கணக்கொப்புவித்துவிட்டார். கணக்குக் கேட்கத் தெரிந்த அந்தப் பேரவையோ, தன் கணக்கை யாரிடமும் கொடுக்காமலே கலைந்து சென்றது.